கடைசி ஆளை வேனில் ஏற்றிவிடலாமா?

கேள்வி: ஜூன் 2, காலை

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குழு அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சைக்கிளில் போகிறது. ஏற்பாட்டாளர் நேற்று ஒரு விதி போட்டார். ஒரே நாளில் இரண்டு தடவை பின்தங்கினால் சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு ஆளும் ஏறிவிட வேண்டுமாம். பயிற்சியில் எப்போதும் கடைசியில் வருவது நான்தான். மற்றவர்களின் நேரத்தைக் கெடுக்கக் கூடாது என்பது நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. நீண்ட தூரம் போனவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40

விதி தப்பு. ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் வருகிறவர் மெதுவான ஆள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அவரை மெதுவாக்குவதே வரிசைதான். நான் எங்கள் பினாங்குக் குழுவில் ஸ்வீப்பர், எல்லாருக்கும் பின்னால் வருகிற ஆள். வாலில் என்ன நடக்கிறது என்பது தலையில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை 6.15

பத்துப் பேர் ஒற்றை வரிசையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆள் சாலையில் ஒரு லுபாங்கை, அதாவது குழியை, பார்த்து பிரேக்கை லேசாகத் தொடுகிறார். இரண்டாமவர் பயத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார். மூன்றாமவர் இன்னும் கொஞ்சம். பத்தாவது ஆளிடம் வந்து சேரும்போது அது கிட்டத்தட்ட நின்றுபோவதாக ஆகிவிடும். முதல் ஆள் மறுபடி 25-ஐப் பிடித்திருப்பார், கடைசி ஆள் அப்போதுதான் 10-லிருந்து மிதித்துக் கிளம்புவார். இடைவெளி விழுந்துவிட்டது. அதை மூட 25-ல் மிதித்தால் போதாது, 32, 33 வரை போயாக வேண்டும். மூடி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் அடுத்த சமிக்ஞை விளக்கு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

அதோடு முடியவில்லை. முன் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகும் வரை முன்னால் இருப்பவரின் முதுகு காற்றை மறைக்கிறது. இடைவெளி விழுந்தால் அந்த மறைப்பும் போச்சு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆக, குழுவிலேயே பலம் குறைந்தவர் தனியாளாக, மறைப்பில்லாமல், மற்றவர்களைவிட அதிக வேகத்தில் நாள் முழுக்க விரட்டிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் அவர் துவண்டுபோனால் "பயிற்சி போதவில்லை" என்கிறோம்.

நான் சொல்வது ஒன்றுதான். மெதுவானவரை இரண்டாவது இடத்தில், தலைவரின் சக்கரத்துக்கு நேர் பின்னால் வையுங்கள். பலசாலியை வாலுக்கு அனுப்புங்கள்.

ஜூன் 3, மதியம்

அப்படிச் செய்தால் மொத்தக் குழுவும் தாமதமாகாதா என்று ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த் சுமார் 90 கிலோமீட்டர். 27-ல் போனால் சக்கரம் உருளும் நேரம் 3 மணி 20 நிமிடம். 24-ல் போனால் 3 மணி 45 நிமிடம். 25 நிமிடம்தான் வித்தியாசம். சிதறிப்போன குழு ஒவ்வொரு ஊரிலும் நின்று ஆள் எண்ணிக்கொண்டு, "எங்கே இருக்கீங்க" என்று போன் போட்டுக்கொண்டு நிற்கும் நேரம் அதைவிட அதிகம்.

ஜூன் 4, இரவு 9.30

எங்கள் பயணத்தின் கடைசி நாளைச் சொல்கிறேன். இந்த விஷயம் எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

தைப்பிங்கில் தங்கியிருந்தோம். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலை 6.30-க்குக் கிளம்பும்போது சாலை முழுக்க ஈரம், வானம் கன்னங்கரேல். தீபகற்பத்தில் சைக்கிள்காரர்களுக்கு இது எப்போதும் உள்ள தொல்லை. 1982 ஜனவரி 1-ல் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதுவரை 6.30-க்கே வந்த வெளிச்சம் 7 மணிக்குத்தான் வருகிறது. வெயிலுக்கு முந்த வேண்டுமென்றால் இருட்டில்தான் கிளம்ப வேண்டும்.

இருட்டில் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான சங்கதி. பின்விளக்கை எல்லாரும் மின்ன விடாதீர்கள். பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும், முன்னால் இருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதே பிடிபடாது. எல்லாருக்கும் நிலையான சிவப்பு வெளிச்சம், கடைசி ஆளுக்கு மட்டும் மின்னும் விளக்கு. லோரிக்காரருக்குக் குழுவின் முடிவு எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

சந்திப்புகளுக்கு முன்னால் குறுக்கே போட்டிருக்கும் மஞ்சள் பட்டைகள் ஈரத்தில் வழுக்கும். அதன்மேல் சாயாமல், பிரேக் பிடிக்காமல், நேராக உருட்டிக் கடக்க வேண்டும். கமுந்திங் தாண்டுவதற்குள்ளேயே முன்வரிசை எங்களுக்கு 300 மீட்டர் முன்னால் போய்விட்டது. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முன்னால் இருப்பவருக்குச் சாலை திறந்து கிடக்கிறது, கால் தானாக மிதிக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 5, காலை 7.00

செமாங்கோல் தாண்டியதும் பஞ்சர்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். எனக்கு நேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்சக்கரம் இரண்டு சுற்றில் தட்டையாகிவிட்டது. சைக்கிளைப் புல்லில் சாய்த்துச் சக்கரத்தைக் கழற்றி ட்யூபை உருவினேன். காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பினால் ஊசிமுனையாகக் காற்று வந்து படும். அங்கேதான் ஓட்டை. வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. டயரிலும் வால்வு இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உட்புறத்தில் பெருவிரலை மெல்ல ஓட்டினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரலுக்குத்தான் சுருக்கென்றது. நெல் உமியைவிடச் சின்னதாக ஒரு கம்பி. லோரி டயர் வெடித்தால் அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் சாலையோரத்தில் சிதறிக் கிடக்கும். நாம் போவதும் அந்த ஓரத்தில்தானே. விரலால் பிடிக்க முடியாது, நகவெட்டியால் கவ்வி இழுத்தேன். அதை எடுக்காமல் புது ட்யூப் மாட்டியிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போயிருக்கும்.

ட்யூபில் இரண்டு மூச்சுக் காற்று அடித்து வட்டமாக்கிக்கொண்டு உள்ளே வையுங்கள். தட்டையாக வைத்தால் டயர் விளிம்பில் சிக்கிக் கிழியும்.

இவ்வளவையும் நான் செய்துகொண்டிருந்தபோது டீச்சர் சொன்னார்: "நீங்க போங்க தம்பி. நான் வேன்ல வந்துடுறேன். எல்லாருக்கும் தொல்லை."

அவர் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை, மூச்சு வாங்குகிறது என்றும் சொல்லவில்லை. ஒரு கம்பித் துண்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் விதிப்படி அது ஒரு பின்தங்கல். இன்னொன்று ஆகியிருந்தால் பினாங்குக்கு வேனில்தான் வந்து இறங்கியிருப்பார்.

வாலில் இருப்பவருக்குப் பஞ்சர் கூடுதலாக வருவதற்கும் காரணம் இருக்கிறது. முன்னால் இருப்பவருக்குச் சாலை தெரிகிறது, விலகிக்கொள்கிறார். பின்னால் வருகிறவருக்குத் தெரிவது முன்னவரின் முதுகு மட்டும்தான். "லுபாங்!" "கண்ணாடி!" என்று குரல் கொடுப்பதும் கையால் காட்டுவதும் கடைசி ஆள் வரை வந்து சேர வேண்டும். பெரும்பாலும் நான்காவது ஆளோடு நின்றுவிடுகிறது.

ஜூன் 5, மாலை

ஸ்வீப்பர் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். குழுவில் இருக்கும் சக்கர அளவு ஒவ்வொன்றுக்கும் ட்யூப், கைப்பம்ப், டயர் நெம்பும் பிளாஸ்டிக் கட்டைகள், சங்கிலி இணைப்பு ஒன்று, நகவெட்டி, உப்புப் பொட்டலம், கொஞ்சம் சில்லறை வெள்ளி. எல்லாரிடமும் ஒரே அளவு சக்கரம் என்று நினைத்துவிடாதீர்கள். மடிக்கும் சைக்கிளுக்கு 20 அங்குலம், சாலை சைக்கிளுக்கு 700 என்று குறிக்கிற பெரிய அளவு. ஒன்றின் ட்யூப் மற்றதற்கு உதவாது.

ஜூன் 7, இரவு

பாகான் செராயில் பசியாறினோம். நானும் டீச்சரும் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் தோசை சாப்பிட்டு முடித்து இரண்டாவது தே தாரிக்கில் இருந்தார்கள். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைக்கிறார், அந்தப் பக்கம் ஒருவர் "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வேகமானவர்களுக்கு 40 நிமிட ஓய்வு. மெதுவானவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த பகுதியில் அவர் இன்னும் மெதுவாக வருகிறார் என்று புகார் சொல்கிறோம்.

தலைவர் லோரி ஓட்டுகிற தம்பி, நல்ல பையன். அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். நின்றுகொண்டிருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, இனிமேல் ஓய்வு நேரம் கடைசி ஆள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும் என்று அறிவித்தார். அப்புறம் வரிசையை மாற்றினார். அவர் முதலில், டீச்சர் இரண்டாவது. காலையிலிருந்து முன்னால் பறந்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் என்னோடு வாலில்.

ஜூன் 8, காலை

பாகான் செராயிலிருந்து பாரிட் புந்தார் வரை இரண்டு பக்கமும் கிரியான் வயல்வெளி. புக்கிட் மேரா ஏரித் தண்ணீரில் விளைகிற நெல், அந்த அணைக்கட்டு 1906-லேயே கட்டி முடிக்கப்பட்டது. பார்க்க அழகான இடம், சைக்கிளுக்குக் கடினமான இடம். மரமே கிடையாது, காற்றுக்கு ஒரு தடுப்பும் இல்லை.

வடக்கு நோக்கிப் போகிறோம், கடல் இடது கை பக்கம். வெயில் ஏறியதும் கடல் காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கும். பக்கக் காற்றில் மறைப்பு நேர் பின்னால் கிடைக்காது, வலப்புறம் சாய்வாகப் பின்னால் கிடைக்கும். வலப்புறம் என்றால் லோரி வருகிற பக்கம். தலைவர் வெள்ளைக்கோட்டை ஒட்டி ஓட்டினால் பின்னால் வருகிற ஒருவருக்கும் மறைப்பு கிடைக்காது. அவர் சாலை விளிம்பின் இடது ஓரத்தை ஒட்டிப் போனால் இரண்டாமவரும் மூன்றாமவரும் கோட்டுக்கு உள்ளேயே சாய்வாக நிற்க இடம் இருக்கும். அதற்கு மேல் இடம் இல்லை. அதனால் பக்கக் காற்றில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டுப் போக வேண்டும். லோரிக்காரருக்கும் முந்திச் செல்ல வசதி.

அன்றைக்கு அப்படித்தான் போனோம். டீச்சர் முதல் மூன்றில், தலைவருக்கு வலப்புறம் ஒரு முழம் பின்னால். என்னுடைய மீட்டர் காலையில் 12-க்கும் 34-க்கும் நடுவில் குதித்துக்கொண்டிருந்தது. வயலில் 23, 24 என்று அப்படியே நின்றது. வாலில் வந்த இளைஞர்களில் ஒருவர் என்னிடம், "அண்ணே, காலையில நீங்க இப்படியா விரட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். பின்னால் போய்ப் பார்க்காமல் இது யாருக்கும் புரியாது.

ஜூன் 9, இரவு 11.00

சைக்கிள் பயணம் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, நம்மவர்களுக்கு எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தலைப்பை விட்டு விலகினாலும் பரவாயில்லை, இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பாரிட் புந்தார் தாண்டிப் பேராக், கெடா, பினாங்கு மூன்றும் சந்திக்கிற முனையைக் கடந்தால் நிபோங் திபால். அப்புறம் சுங்கை பாக்காப். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கமெல்லாம் கரும்புத் தோட்டம், தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வெட்ட வைத்தார்கள். பிறகு ரப்பர் வந்தது, இப்போது செம்பனை. ரப்பர் காலத்தில் சைக்கிள் இல்லாத தோட்டத்து வீட்டை எங்கே பார்த்தோம்? பின் கேரியரில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் நிறுவைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனவர்கள் யார்? தளும்பாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், சிந்தினால் கூலி குறையும். இன்றைக்கு விலை உயர்ந்த சைக்கிளில் போகிற எங்களில் யாராலும் அந்த ஓட்டு ஓட்ட முடியாது.

என் பாட்டி நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன்னே பெண்கள் கும்பலாகத்தான் வெட்டுக்குக் கிளம்புவார்களாம். கடைசியில் வருகிறவள் விட்டுவிட்டு மணி அடித்துக்கொண்டே வர வேண்டும். மணிச் சத்தம் தேய்ந்தால் முன்னால் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் அம்மாவும் அப்படித்தான் போனதாகச் சொன்னார். சுங்கை பாக்காப் வரை தோட்டக் கதைதான், வெயில் ஏறியதே தெரியவில்லை.

ஜூன் 11, காலை

நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தபோது ஒன்று தோன்றியது. வேனே கூடாது என்று யாராவது எடுத்துக்கொண்டால் ஆபத்து. வேனில் ஏற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு.

நம் ஊர் வெக்கையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, உடம்பும் குளிராது. ஒருவர் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், சைக்கிள் நேராகப் போகாமல் அலைந்தால், வெயிலில் இருந்துகொண்டே உடம்பு சில்லிடுகிறது என்றால், வாந்தி வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்கு 999. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று உற்சாகப்படுத்துவது அந்த நேரத்தில் கொடுமை.

இடி மின்னலும் அப்படித்தான். வயல்வெளியில் உயரமாக இருப்பது நாம் மட்டும்தான். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், வேன் பக்கத்தில் இருந்தால் எல்லாரும் அதற்குள். அங்கே மெதுவானவர், வேகமானவர் என்று பிரிக்க ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்து வேனில் ஏற்றுங்கள். எத்தனை தடவை பின்தங்கினார் என்று எண்ணி ஏற்றாதீர்கள்.

ஜூன் 12, மதியம்

ஃபெரியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. இது உங்கள் ஏற்பாட்டாளரின் காதுக்குக் கட்டாயம் போக வேண்டும். பினாங்குப் பாலம் இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், இரண்டும் நெடுஞ்சாலைதான். சைக்கிளோடு தீவுக்குள் போகப் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏற வேண்டும். இப்போதுள்ள ஃபெரிகளில் நடந்து வருகிறவர்களும் இரண்டு சக்கர வண்டிகளும் மட்டும்தான், வேன் ஏறாது. வேன் பிறைக்குத் திரும்பிப் பாலம் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

அதாவது பட்டர்வொர்த்திலிருந்து உங்களுக்கு வேனே கிடையாது. தண்ணீர், மாற்று உடை, ட்யூப், காசு எல்லாம் அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி ஆள் வரும்வரை ஒருவரும் ஃபெரி ஏறக் கூடாது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அக்கரை போய்விட்டால் பிறகு வரிசை என்று ஒன்று இருக்காது.

நாங்கள் எல்லாரும் ஒரே ஃபெரியில் ஏறினோம். டீச்சர் ஜார்ஜ் டவுன் பக்கத்தைப் பார்த்தபடி கைப்பிடி ஓரத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டார். "முழுக்க மிதிச்சே வந்துட்டேன்மா" என்று அவர் சொன்ன சத்தத்தில் பக்கத்தில் இருந்த மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார். காலை 7.30-க்கு வேனில் ஏறத் தயாராக இருந்த பெண்மணி.

ஜூன் 14, இரவு

ஏற்பாட்டாளரிடம் பேசினீர்கள், அவர் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்குவாதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் அவரை ஒருநாள் மட்டும் கடைசியில் வரச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டாவது இடத்தில் போங்கள். கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூர் வரை போதும், நகரத்தை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே வேண்டிய அளவு சமிக்ஞை விளக்கு வந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரின் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உச்ச வேகத்தைப் பாருங்கள். இருதயத் துடிப்புப் பட்டை இருந்தால் இருவரும் கட்டிக்கொள்ளுங்கள். எண்களைப் படமெடுத்து இங்கே போடுங்கள், அடுத்த மாதம் கிளம்பப் போகிற மற்றவர்களும் பார்க்கட்டும்.